மகள் மேல் சத்தியம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். போன வருஷம், அரபியிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு நாவலைப் பாடமாக வைத்தோம். மகளை வாசல் தாண்ட விடாமல் அடைத்து வைக்கும் அப்பனின் கதை. பாதிப் புத்தகத்திலேயே என் வகுப்பு தீர்ப்பு எழுதிவிட்டது: அரபிக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், மிஸ்."

"அது சோத்துக்கு. அத்தன நாட்டையும் ஒரே பானையிலயா வடிப்பீங்க?" என்று எரிந்து விழுந்தேன். ஒருத்தரும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசி பெஞ்சில் ஒருத்திக்கு மட்டும் அது வெறும் பாடம் இல்லை. மழை ஏமாற்றி, மிஞ்சிய மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றி தின்றுவிட, அவள் அப்பா குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போகவிருந்தார்.

"இப்படிப்பட்ட ஆளுககிட்டயா எங்கப்பாவ அனுப்புதோம்? போவேண்டாம்னு சொல்லுதேன் மிஸ், கேக்க மாட்டேங்காரு."

எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. நாவல் மேல்தான் வந்தது. அதுவும் நல்ல நாவல்தான், பாவம்.

அப்பா போய்விட்டார். சில மாதம் கழித்து, போனும் கையுமாக ஆசிரியர் அறைக்கு வந்தாள். அப்பா பேசி அனுப்பியிருந்ததை ஓடவிட்டாள்.

"தாயி, இந்த வீட்டு மொதலாளி மக காலேஜுல படிக்கி. நம்ம தமிழ்ப் படம் ஒண்ணு பாத்திருக்கு. வேத்து சாதிப் பையன விரும்புன மகள அப்பனே வெட்டுத படம். வண்டியில வரும்போது கேக்குது, 'ஒங்க ஊரு அப்பன்மாரு எல்லாம் இப்படித்தானா? ஒம் மக விரும்புனா நீயும் வெட்டுவியா'ன்னு."

அங்கேயும் ஒரு சோறு பதம்தானா என்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் இருக்கு மிஸ்" என்று மறுபடி ஓடவிட்டாள்.

"மாட்டேன்னு சொன்னேன். நம்பல. இங்க சமையல் பாக்குத அம்மா நம்மூரு ஆளு, அவிய சொல்லிக் குடுத்திருக்காவ போல. மக மேல சத்தியம் பண்ணுன்னு நின்னுட்டு. பண்ணிட்டேன் தாயி. நீ நல்லாப் படி."

போனைப் பைக்குள் வைத்தாள். கண் நிறைந்திருந்தது.

"எங்க தெருவுல ஒரு அக்காவ இப்படித்தான் வெட்டுனாங்க மிஸ். அன்னையிலருந்து அப்பாட்ட இதக் கேக்கணும்னு கெடந்தேன், வாய் வரல. அந்தப் புள்ள எனக்காகக் கேட்டிருக்கு."