கேட்டுக்கு அப்புறம் சைரன் இல்லை

தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் வேலையை நான் விட்டதற்குக் காரணம் அலுப்புதான். தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. யார் செத்தாலும் அடுத்த கட்டிலுக்கு நடக்கப் பழகியிருந்தேன், அதுதான் பயமாக இருந்தது. அப்புறம் ஆலோசனைப் படிப்பு படித்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்து, துக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். "ஊசி ஏதும் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் உட்காருகிறார்கள். ஊசியெல்லாம் கிடையாது, வாயைத் திறந்து பேசுங்கள் என்பேன்.

வேலையை விட்டேனே தவிர, அது என் கையை விடவில்லை. டீக்கடையில் நிற்கும்போதுகூட வலது கை தானாக மூடித் திறக்கும். மூச்சு கொடுக்கிற ரப்பர் பையை அமுக்கி அமுக்கிப் பழகிய கை.

இனி பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டால், "உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிடுறோம்" என்பார்கள் எங்கள் பக்கத்தில். உயிர் வீட்டில்தான் போக வேண்டும், பெண்டாட்டி பிள்ளைகள் தங்கள் கையால் பால் ஊற்ற வேண்டும். ஆம்புலன்ஸில் ஒரு நர்ஸ் பையை அமுக்கிக்கொண்டே போவாள். பாதி வழியில் உயிர் போய்விட்டாலும் வாயைத் திறக்க மாட்டோம். வீடு வரைக்கும் அமுக்குவோம், நெஞ்சு ஏறி இறங்கும். பால் ஊற்றியதும் கையை எடுத்துவிடுவோம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டினால் அவள் ஊர். புருஷன் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனவர்.

"நான்தான் சிஸ்டர் அவரக் கொன்னுட்டேன்" என்றாள். "வீட்டுக்கு வந்தப்ப மூச்சு நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. ஊத்து ஊத்துன்னாங்க. ஒரு ஸ்பூன் பால் ஊத்தினேன். அப்படியே நின்னுபோச்சு. பொரையேறித்தான் போயிருக்காரு."

கறவை மாட்டை விற்றுவிட்டாளாம். சின்ன மகள் பாலில்லாத வரக்காப்பி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். "இந்தக் கையால அதுக்கு ஒரு வாய் ஊட்டக்கூட பயமா இருக்கு."

வழியில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கேட்டு போட்டிருந்தான். கூட்ஸ் வண்டி போய்க்கிட்டே இருந்துச்சு. அந்த நர்ஸ் பொண்ணு அவரு கழுத்துல கை வச்சுப் பாத்துட்டு, டிரைவருக்குக் கண்ணக் காட்டுச்சு. கேட்டு தொறந்தப்புறம் சைரனே போடல அந்த ஆளு. எனக்கு வயிறு எரிஞ்சுது."

என் கை மூடிக்கொண்டது. உயிர் போனதும் சைரனை நிறுத்தச் சொல்லி நானும் அப்படிக் கண்ணைக் காட்டியிருக்கிறேன்.

சொன்னால் அவள் தலையிலிருந்து கொலைப்பழி இறங்கும். ஆனால் புருஷன் அவள் கையால் பால் குடித்து, தன் வீட்டில் உயிர்விட்டார் என்பதும் அதோடு போய்விடும். வரக்காப்பி குடிக்கிற அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"நான் அந்த வண்டியில இல்லம்மா. ஆனா இந்த வேலை எனக்குத் தெரியும். அவரு அந்தக் கேட்டுலயே போயிட்டாரு. நீங்க பாத்தது அந்தப் பொண்ணு அமுக்கின மூச்சு. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அழவில்லை. "அப்ப அவரு வீடு வந்து சேரலையா?"

"இல்லம்மா."

"உயிரு போறப்ப நான் அவரு பக்கம் திரும்பவே இல்லையே சிஸ்டர். ஜன்னல் வழியா ரயிலத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையையும் என் கை அமுக்கி அமுக்கி விட்டது, பாவி.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ் ஏறுமுன் ஒரு பால் பாக்கெட் வாங்கினாள், மகளுக்காம்.

"ஊருக்குள்ள போற பஸ்தானம்மா இது?"

"போவும் சிஸ்டர். நான் கேட்டுலயே எறங்கிக்கிறேன்" என்றாள். "அவர அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்ல. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும்."