ஸ்கோப்புக்குள் வளைந்த கோடு

என் கணவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால், லண்டன் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் அந்தக் கிளப் இருந்தது. நீளமான ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் புல்தரை, புல்தரையின் மறு முனையில் வட்டங்கள் அச்சடித்த காகித அட்டைகள். அவரோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டிய ஒரு வெள்ளைக்காரர்தான் முதல் தடவை கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் தடவை இவர் தானாகப் போனார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கே வந்து, கைக்காசைக் கொடுத்து அதையே தோளில் வைப்பதா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"இது காத்தை அடைச்சுச் சுடுறதப்பா, வெடிமருந்து இல்லை. பெரிய சத்தமும் இல்லை, சாவும் இல்லை. கடதாசியில ஓட்டை போடுறது, அவ்வளவுதான்," என்றார்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பின்னால் எப்போதும் யாராவது மணியடிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், பிள்ளை அழும். கிளப்பில் யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை என்று பிறகு எனக்கு விளங்கியது. ஞாயிறு காலையில் ஒரு பிளாஸ்க் தேநீரோடு போவார். மத்தியானம் வந்து, சுட்ட அட்டைகளைச் சமையலறை மேசையில் பரப்புவார். ஐந்து குண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் ஒரே ஓட்டையாகக் கிடக்கும். சின்னச் சில்லறைக் காசு ஒன்றை வைத்து மூடிவிடலாம். நான் அடுப்பைப் பார்த்தபடி நல்லது நல்லது என்பேன். எனக்கு அந்த ஓட்டைகளில் பெரிய அக்கறை இருக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முகம் நன்றாக இருந்தது. அதனால் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

ஐந்து வருடம் அப்படியே போனது. அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு செப்டெம்பர் மாதம், ஓட்டைகள் விலகத் தொடங்கின. முதலில் ஒரு குண்டு வெளியே போனது. பிறகு இரண்டு, மூன்று. அக்டோபரில் அட்டை அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

அவர் ஸ்கோப்பைக் குறை சொன்னார். துப்பாக்கிக்கு மேலே பூட்டுகிற தொலைநோக்கிக் குழாய்தான் ஸ்கோப். உள்ளே பார்த்தால் மெல்லிய கறுப்புக் கோடுகள் இரண்டு குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு நிற்கும், வெட்டுகிற இடத்தைக் குறியில் வைத்துச் சுடவேண்டும். அவருடைய துப்பாக்கியைப் பழசாகத்தான் வாங்கியிருந்தார். ஸ்கோப்பும் அதோடு வந்த மலிவான ஒன்று. "உள்ளுக்க கோடு வளையுது. நடுவில கொஞ்சம் நெளியுது. பனிப்புகார் மாதிரியும் கிடக்கு," என்றார். முன்பக்கத்து வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், துடைப்பார், மறுபடி திருப்புவார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஸ்கோப்பைத் தவிர வேறு பேச்சில்லை. வேலை முடிந்து வந்து ஐபாடில் ஸ்கோப் வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார். ஒருவன் விலை கூடிய கண்ணாடியைப் போல வராது என்பான். இன்னொருவன் ஒரு அளவுக்கு மேலே கொடுக்கிற காசெல்லாம் பெயருக்குத்தான், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது என்பான். கிளப்பிலும் இதே வாக்குவாதம். துப்பாக்கி என்ன விலையோ கண்ணாடியும் அந்த விலைக்கு இருக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. இருபத்தைந்து கெஜ தூரத்தில் கிடக்கும் காகிதத்துக்கு அவ்வளவு எதற்கு என்பது மறு கட்சி. அவர் எல்லாவற்றையும் வந்து எனக்குச் சொல்வார். மலிவானதில் ஓரங்கள் கலங்கும். குறியைச் சரிசெய்யத் திருகுகிறபோது ஒரு சொடுக்கு சரியாகப் போகும், அடுத்தது போகாது. விலை கூடியதில் மங்கிய வெளிச்சத்திலும் குறி தெளிவாகத் தெரியும், எத்தனை தடவை திருகினாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வரும்.

அவர் விரும்பியது எண்ணூறு பவுணுக்குக் கிட்ட. இருந்ததோ எழுபது பவுண் பெறுமதியானது.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். புதுச் சப்பாத்து வேண்டும் என்பதற்காகப் பழைய சப்பாத்து கடிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். "ஐஞ்சு வருசம் நல்லாத் தெரிஞ்ச கண்ணாடி இப்ப மட்டும் ஏன் தெரியாமல் போகுது? புதுசு வாங்கிறதுக்கு உங்களுக்கு ஒரு சாட்டு வேணும்," என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். நத்தார் பண்டிகை முடியட்டும் என்றேன். நத்தார் முடிந்தபின் கூரை வேலை முடியட்டும் என்றேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நடையில் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அறைக் கதவைப் பார்த்தார். கையை எடுத்தார், மறுபடி பொத்தினார்.

"இஞ்சரும், இந்தக் கதவு நிலையும் வளைஞ்சுதானே கிடக்கு?" என்று கேட்டார்.

"நூறு வருசத்து வீடு. இதில எது நேராக் கிடக்கு?" என்றேன்.

அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் ஒரு சுவரும் ஒழுங்கான சுவரில்லை, மேசையில் வைத்த பென்சில் உருண்டு போகும். அவர் "ஓம், அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். நான் தலையை நிமிர்த்திப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் வரும்போது அவர் ஞாயிறுகளில் போவதைக் குறைத்துவிட்டார். கேட்டால் மழை என்பார், அலுப்பு என்பார். அவர் சோர்ந்து இருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. விருப்பமானதையே வாங்கித்தருகிறேன், பிறந்தநாள் பரிசாக இருக்கட்டும் என்றேன். நானும் கூடப் போனேன்.

கடை லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருந்தது. கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். எண்ணூறு பவுண் ஸ்கோப்பை இவர் கேட்டதும் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. விலை அட்டைகளைக் கழற்றிவிட்டு, மூன்று ஸ்கோப்புகளை யன்னலோரம் இருந்த ஒரு தாங்கியில் பூட்டினார். மூன்றும் தெருவுக்கு அப்பாலிருந்த ஒரு செங்கல் புகைபோக்கியைப் பார்த்தபடி இருந்தன. விலை தெரியாமல் பாருங்கள், எது நல்லதென்று நீங்களே சொல்லுங்கள், பலர் நடுத்தர விலையுள்ளதோடு திருப்தியாகப் போய்விடுவார்கள் என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு ஸ்கோப்புக்குள் பார்த்தேன். முதலாவதில் செங்கற்கள் தெரிந்தன. இரண்டாவதில் செங்கற்களுக்கு நடுவே பாசி தெரிந்தது. மூன்றாவதில் பாசியின் நிறம்கூடத் தெரிந்தது. ஆனால் மூன்றிலும் கறுப்புக் கோடுகள் நூல் பிடித்தது மாதிரி நேராகத்தான் நின்றன.

பிறகு என் கணவர் குனிந்தார். முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் கனநேரம் நின்றார். நிமிர்ந்து, மூன்றிலும் கோடு வளைந்திருக்கிறது, மூன்றாவதிலும் நடுவில் ஒரு கறை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கடைக்காரர் தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, மற்றக் கண்ணால் பாருங்கள் என்றார்.

இவர் இடது கண்ணை வைத்தார். அவருடைய முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை.

"நேராக் கிடக்கு," என்றார் தமிழில், என்னிடம்.

கடைக்காரருக்கு அது விளங்கியிருக்காது. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இன்றைக்கு நான் உங்களுக்கு எதையும் விற்கமாட்டேன், இங்கிருந்து நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார். தன்னுடைய தமக்கைக்கும் இப்படித்தான் கோடுகள் வளைந்தனவாம். கதவுவரை வந்து விட்டுப் போனார்.

கார் திறப்பை அவரிடம் வாங்கி நானே ஓட்டினேன்.

அவசரப் பிரிவில் நான்கு மணி நேரம் இருந்தோம். கண்ணில் மருந்து விட்டார்கள், படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு இளம் பெண். விழியின் பின்புறத்தில், சரியாகப் பார்வையின் நடுவிடத்தில், பலவீனமான புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்திருக்கின்றன, கசிந்தது காய்ந்து தழும்பாகிவிட்டது என்றார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், அதனால் பலருக்குத் தெரியவே வராது என்றார். பஸ் ஓட்டும்போதும், சாப்பிடும்போதும், டிவி பார்க்கும்போதும் அவருக்குத் தெரியாமலிருந்தது அதனால்தான். வலது கண்ணைத் தனியாக அவர் பாவித்த ஒரே இடம் அந்த ஸ்கோப்.

எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மாதமிருக்கும்," என்று இவர் உடனே சொன்னார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் படத்தை மறுபடி பார்த்துவிட்டு, இது அதைவிடப் பழசு மாதிரி இருக்கிறது என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். செப்டெம்பரிலிருந்து, ஏழு மாதம் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் மடியில் கிடந்த அவருடைய கோட்டை மடித்துக்கொண்டு இருந்தேன். தொடக்கத்தில் வந்திருந்தால் என்று நான்தான் கடைசியில் கேட்டேன். முதல் சில கிழமைகளில் வந்திருந்தால் பெரும்பங்கைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் தயவாகத்தான் சொன்னார். இனிமேல் ஊசி போட்டு, கசிவு பரவாமல் தடுக்கலாம். நடுப்பார்வை திரும்பாது.

அந்த ஊசியைக் கண்ணுக்குள்ளேதான் போடுவார்கள். மாதம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கதிரையில் இருப்பேன். அவர் கண்ணுக்கு மேலே பிளாஸ்டிக் மூடியோடு வந்து, "நோகேல்லை, போவம்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு சொல்.

பஸ் லைசென்ஸ் போய்விட்டது. இரண்டு கண்ணும் நன்றாயிருக்கவேண்டும் என்பது சட்டம். டிப்போவில் ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள். கிளப்பில் இடது தோளில் வைத்துச் சுடப் பழகலாம் என்று சொன்னார்கள், இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்தார். முடியாமலில்லை. ஆனால் மூன்றாவது ஞாயிறு அவர் எழும்பவில்லை. சில கிழமை கழித்து, துப்பாக்கியை விற்கப்போகிறேன் என்றார்.

வாங்க வந்தவர், முதல் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போன அதே டிப்போ நண்பர். இவர் மாடியில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டிருக்க, நான் நண்பருக்குத் தேநீர் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்: உங்கள் கணவர் எங்கள் எல்லோருக்கும் சொன்னவர், தான் மாதக்கணக்காகக் கவலையீனமாக இருந்தாராம், ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்தாராம், நீங்கள்தான் சந்தேகப்பட்டு அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனீர்களாம், நீங்கள் இல்லாவிட்டால் மற்றக் கண்ணையும் கவனித்திருக்கமாட்டாராம்.

பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

நண்பரின் கார் போனபிறகு இவரைக் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் குழாய்த் தண்ணீருக்குக் கீழே கோப்பையைப் பிடிக்க ஒரு நொடி தேடுவார்.

"எல்லாரும் கேப்பினம், வீட்டில ஆள் இருந்தும் ஏன் விட்டனீங்கள் எண்டு. நீர் அதுக்கு என்ன பதில் சொல்லுறது?"

"நான்தானே விட்டனான். சாட்டு எண்டு சொன்னனான்."

"எனக்கும் அது சாட்டா இருந்தாப் போதும் எண்டுதான் இருந்தது," என்றார். "கண் எண்டு நினைக்கப் பயமா இருந்தது. நீர் சிரிக்க எனக்கு ஆறுதலாக் கிடந்தது."

தண்ணீரை நிறுத்திவிட்டுத் துவாயை எடுத்தார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். அவர் திரும்பவில்லை, கையைப் பின்னால் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். இப்படி நின்றால் சட்டை நனைந்துவிடும் என்றார். பிறகு நாங்கள் இதைப்பற்றிப் பேசவில்லை.

போன மாதம் டூட்டிங்கில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் அவருடைய ஒன்றுவிட்ட அக்கா கண்ணைப்பற்றி விசாரித்தா. அவர் அதே கதையைச் சொன்னார். இப்போது அது நன்றாகப் பழகிவிட்டது, கடைக்காரரும் புகைபோக்கியும் கூட வருகிறார்கள். "இவதான் கண்டுபிடிச்சவ," என்று முடித்தார்.

அந்த அக்கா என் தோளைத் தட்டினா. "நீர் கெட்டிக்காரி. என்ர மனிசன் சாகக் கிடந்தாலும் எனக்குத் தெரியவராது," என்றா.

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் இலைப்பக்கம் பார்த்து, இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பிறகு அக்காவைப் பார்த்து, ஓம், நல்லவேளை என்றேன்.