என் பெயர் ஊருக்கே கேட்ட பகல்

நாள் கடந்தும் என் மனைவிக்கு வலி எடுக்கவில்லை. கால்கள் வீங்கிவிட்டன. இனியும் பொறுத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று, யோங் பெங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் விளக்கெண்ணெயும் கொயினா மருந்தும் கொடுத்து வலியை வரவழைத்தார்கள். வந்ததைத் தணிக்கத்தான் அங்கே மருந்தில்லை.

"கிராணி ஐயா, உள்ள வாங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றார் மருத்துவச்சி.

பிரசவ அறைக்குள் ஆண்கள் போகும் வழக்கமில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, அலமாரி நிறையப் புத்தகம் படித்த வீரன் நான், வாசற்படி தடுக்கி உள்ளே போனேன். வெந்நீரில் பிழிந்த துணியை அவள் இடுப்பில் வைத்து அழுத்தினேன்.

"நல்லா அழுத்துங்க! பேனாவா பிடிக்கிறீங்க?" என்று சீறினாள்.

அடுத்த வலியில் பல்லைக் கடித்து மூச்சை அடக்கினாள். முகம் நீலம் பாரித்தது.

"மூச்சை அடக்காதம்மா! வாய்விட்டு யாரையாவது கூப்பிடு!"

கூப்பிட்டாள். அம்மாவை அல்ல, முருகனையும் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து, வழக்கப்படி, ஒருமுறைகூட வாயால் சொல்லாத என் பெயரை. முன்னால் ஒரு "டேய்" வேறு. மூச்சு வெளியே வந்தது. இறுகிக் கிடந்த உடம்பு இளகியது.

"அதையே கூப்பிடும்மா" என்றார் மருத்துவச்சி.

ஒவ்வொரு வலிக்கும் கூப்பிட்டாள். வெளியே ரப்பர் பால் நிறுக்க நின்றவர்கள் சிரித்தது கேட்டது. நான் இடுப்பை அழுத்தியபடி, ஒவ்வொரு முறையும் "இருக்கேன்" என்றேன்.

மகள் பிறந்தாள். இருவரும் பிழைத்தார்கள். மறுநாளே நான் பழையபடி "ஏங்க" ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் பெயரை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் நான் அவ்வளவு தேவைப்பட்டதில்லை.