தெருவுக்கு ஒரு செல்போன்

ஸ்ரீனிவாசராகவனுக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. அதுதான் அவருடைய வியாதி. செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். வீடு மாமல்லபுரத்தில், பெருமாள் கோயிலை ஒட்டிய தெரு. காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் ஃபைல். பஸ்ஸில் அபூர்வமாக உட்கார இடம் கிடைத்தாலும், பக்கத்தில் நிற்கிறவன் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், எழுந்து கொடுத்துவிடுவார். இப்படிப்பட்ட மனுஷன் கையில் ஒரு செல்போன் கிடைத்தால் என்ன ஆகும்? கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரே பெண் அதிதி. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் பையனுக்குக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் லேண்ட்லைன் உண்டு, பேருக்கு. கடற்கரை ஊர் உப்புக்காற்றில் ஒயர் அரித்துப் பாதி நாள் செத்துக் கிடக்கும், மீதி நாள் கொரகொரக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிதி, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். லைன் போய்விட்டது. அடுத்த வாரம் இவராகக் கேட்டபோது, "ஒண்ணுமில்லப்பா, மறந்துபோச்சு" என்றாள். அந்த 'மறந்துபோச்சு' மனுஷனைத் தூங்கவிடவில்லை. குழந்தை சொல்ல வந்ததைக் கேட்க ஒழுங்கான போன் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். அது 2003. வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது என்று ஆகியிருந்த வருஷம்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெபகுமார் என்பவர் செல்போன் கடை வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றார்.

"இத பாரு சார்" என்றார் ஜெபகுமார். "ப்ரீபெய்டுன்னா கார்டு வாங்கி சொரண்டிகினே இருக்கணும். நாளு முடிஞ்சுதா, மொதல்ல நீ பேச முடியாது. அப்பால வர்ற போனும் வராது. ஆனா நீ யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்ல. புடிக்கலியா, சிம்ம கழட்டி கடாசிட்டு வேற வாங்கிகினு போய்கினே இரு."

"இன்னொண்ணு?"

"போஸ்ட்பெய்டு. ரெண்டு வருசம் அக்ரிமெண்ட்டு. செட்ட கம்பெனியே குடுத்துரும். மாசம் பொறந்தா பில்லு வூட்டுக்கே வந்துரும். லைனு எப்பவும் உசுரோட கீது. ஆனா நடுவுல வுட்டுட்டு ஓட முடியாது. அந்த செட்டுல வேற கம்பெனி சிம்மும் ஏறாது. நல்லா யோசன பண்ணிக்க சார்."

யோசனை பண்ணினார். அடேயப்பா, எப்படிப்பட்ட யோசனை! அலுவலகத்தில் ஒருவர் விடாமல் கேட்டார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் சட்டைப்பையில் செல்போன் தெரிந்தால், "சார், உங்களுது ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா?" என்று விசாரித்தார். ப்ரீபெய்டு என்றால் சுதந்திரம், ஆனால் எந்த நேரத்தில் சாகுமோ தெரியாது. போஸ்ட்பெய்டு என்றால் கட்டு, ஆனால் சாகாது. அதிதிக்கு வரன் பார்த்தபோது இதில் பாதிகூட விசாரிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். பையனுக்கு வெளிநாட்டு வேலை, நல்ல குடும்பம் என்று யாரோ சொன்னார்கள். தலையாட்டிவிட்டார்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவள் மனைவி சுந்தரவல்லி.

"கார்டு தீர்ந்த அன்னிக்குப் பார்த்துக் கொழந்தை கூப்பிட்டா என்ன பண்ணுவேள்? கட்டிண்டா கட்டிண்டதுன்னு இருக்கறதுதான் நல்லது. அதையே வாங்கிண்டு வாங்கோ."

சுந்தரவல்லிக்கு எல்லாவற்றுக்கும் அதே வாய்ப்பாடுதான். அதிதி போனில் கொஞ்சம் குரல் கம்மினால் போதும், "பொறுத்துண்டு போகணும்டி, எல்லாம் சரியாயிடும்" என்பாள். கெட்டவள் இல்லை, பாவம். அவளுக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஜெபகுமார் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, செல்போனோடு ஊர் வந்து சேர்ந்தார். தெருவில் முதல் செல்போன். நாலு பேர் கூடிவிட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்தார்.

"ஒரு அவசரம்னா யார் வேணா என் நம்பரைக் குடுங்கோ! இன்கமிங் ஃப்ரீதான்!"

சொல்லலாமா இதை? அதுவும் நம் ஊரில்? போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தங்கள் நம்பராகக் கொடுத்து, முன்னால் 'பி.பி.' என்று இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கூட்டிவருவார். லேண்ட்லைனில் அதற்கு ஒரு வரம்பு இருந்தது. வருகிறவர் நம் கூடத்தில், நம் கண் எதிரே பேசிவிட்டுப் போகவேண்டும். செல்போனுக்கு ஏது வரம்பு? ஒரு மாதத்துக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'பி.பி.' என்று போட்டு அவர் நம்பர் அச்சாகி வந்துவிட்டது. கல்யாணம் யார் வீட்டில் என்று அவருக்கே பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அலுவலகத்தில் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பார். போன் அடிக்கும். "சார், பந்தல்காரன் பேசறேன். கல்யாண வூட்ல கொஞ்சம் குடு சார்." இவர் இருப்பது செங்கல்பட்டில், கல்யாண வீடு இருப்பது மாமல்லபுரத்தில். எங்கே கொடுப்பார்? "சொல்லுங்கோ, நான் சொல்லிடறேன்" என்பார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுப் படி ஏறுவார். கல்பட்டறை வைத்திருந்த வாசுதேவனுக்கோ ஆர்டர் எல்லாமே இவர் வழியாகத்தான் வரும். "இன்னா சார், பிள்ளையார் ரெண்டடியா மூணடியான்னு கேட்டு வெக்க மாட்டியா?" என்று இவரையே அதட்டுவார். ஞாயிற்றுக்கிழமையில் போனே வீட்டில் இருக்காது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதில் அதிதி என்ன சொல்லுவாள்? எப்போது கூப்பிட்டாலும் பின்னால் நாலு குரல். "அப்பா, பக்கத்துல யாரு?" என்பாள். "யாருமில்லடா, நீ சொல்லு" என்பார் இவர். அதற்குள் ஒருவர், "சார், நம்ம போனு வரும், சீக்கிரம் முடி" என்பார். "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். எதைக் கேட்பதற்காகப் போன் வாங்கினாரோ அது மட்டும் அவர் காதில் விழவேயில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் ஜெபகுமாரிடம் போய் நின்றார்.

"இதை எடுத்துண்டு வேற நம்பர் குடுத்துடுங்களேன்."

"அன்னிக்கே சொன்னேன் இல்ல? ப்ரீபெய்டா இருந்தா சிம்ம கடல்ல வீசிட்டுப் போயிருக்கலாம். இது ரெண்டு வருசம் உன் பேர்ல கீது. நம்பர மாத்தினா அக்ரிமெண்ட்டு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். பேசாம, தரமாட்டேன்னு சொல்லிடேன் சார்."

சொல்லலாம்தான். சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் ஒருவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். போனை எடுத்துக் கொடுத்துவிட்டார். வெட்கங்கெட்ட தாட்சண்யம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரவல்லி கூடுவாஞ்சேரியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டு அமிர்தவல்லி மாமி, பிள்ளைக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் பெங்களூரிலிருந்து கூப்பிடுவார்கள் என்று போனை வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டு மொட்டைமாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஸ்ரீனிவாசராகவன் மோர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். மாமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்ன மாமி? பொண்ணாத்துல வேண்டாம்னுட்டாளா?"

"ஐயோ, அதில்லை. அதிதி கூப்பிட்டா. பெங்களூர்னு நெனச்சு எடுத்தேன். 'அம்மா'ன்னா. அதுக்கப்புறம் நிறுத்தலை. ஓன்னு அழுதுண்டே சொல்லிண்டு போறா. நான் உன் அம்மா இல்லடின்னு சொல்ல எனக்கு நா எழலை. உங்ககிட்ட குடுத்துடணும்னு படி எறங்கி ஓடி வரேன், வாசல்ல கட்டாயிடுத்து."

"என்ன சொன்னா?"

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன் கைநீட்டறானாம். கல்யாணமான புதுசுலேர்ந்தே. 'என்னால முடியலைம்மா, கெளம்பி வந்துடட்டுமா? சொல்லும்மா, வரட்டுமா?'ன்னு கேட்டுண்டே இருந்தா."

ஸ்ரீனிவாசராகவன் ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். திருப்பிக் கூப்பிடலாம் என்றால் அவரிடம் இருப்பது மகள் வீட்டு நம்பர் ஒன்றுதான். அதில் கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுப்பான். அவள் அவனுக்குத் தெரியாமல் ஏதோ கடையிலிருந்து கார்டு போட்டுப் பேசியிருப்பாள். நாம் கூப்பிட்டு அவளை மாட்டிவிடுவதா? அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. இடத்தைவிட்டு அசையாமல், மாமி கொண்டுவந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது. எடுத்தார். "வாசுதேவன் இருக்காரா?" வைத்தார். மறுபடி அடித்தது. பெங்களூர்க்காரர்கள். வைத்தார். வெளிநாட்டு அழைப்பென்றால் நம்பர் ஒழுங்காக விழாது. அதனால் எதையும் எடுக்காமல் இருக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் அதிதிதான் என்று எடுத்தார், ஒவ்வொரு தடவையும் தெருவில் யாருக்கோ. வாசுதேவன் வந்து நிலையருகே நின்றார். "சார், மெட்ராஸ் பார்ட்டி கூப்புடறேன்னான்." அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அமிர்தவல்லி மாமி போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். இவர் எழுந்து கதவைச் சாத்தியிருக்கலாம். அந்த நேரத்திலும் அதற்குக் கை வரவில்லை.

மறுபடி அடித்தது.

"அப்பா." குரல் இப்போது தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அம்மாகிட்ட ஏதோ உளறிட்டேன். அதையெல்லாம் மறந்துடச் சொல்லுங்கோ. நான் நன்னா இருக்கேன்."

"அதிதி, அம்மா..."

"வரட்டுமான்னு அத்தனை தடவை கேட்டேன்பா. அம்மா வாயே திறக்கலை. மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுது. புரிஞ்சுடுத்து. தப்பில்லை, அம்மா நெலமை எனக்குத் தெரியாதா? நான் இங்கேயே இருந்துடறேன். நீங்க கவலைப்படாதீங்கோ."

லைன் சரியில்லை, அம்மாவுக்குக் காதில் விழவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை.

"அது அம்மா இல்லடா" என்றார். "அம்மா ஊரிலேயே இல்லை. அப்போ போன் என் கையில இல்லை. எதிராத்து அமிர்தவல்லி மாமி எடுத்திருக்கா. என்கிட்ட குடுக்கறதுக்குத்தான் ஓடி வந்தா."

அதிதி மெதுவாகக் கேட்டாள், "அப்போ தெருவுக்கே தெரிஞ்சிருக்குமேப்பா. நான் திரும்பி வந்தா நீங்க எப்படி வெளியில தலைகாட்டுவேள்?"

ஸ்ரீனிவாசராகவன் நிமிர்ந்து பார்த்தார். மாமி அழுதுகொண்டிருந்தாள். போனுக்குள்ளே 'டுக், டுக்' என்று வேறு யாருடைய அழைப்போ முட்டிக்கொண்டிருந்தது. இவர் முகத்தைப் பார்த்தே வாசுதேவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு வர்ற போனு கெடக்குது சார். நீ கொழந்தகிட்ட பேசு" என்றார் அவர்.

"பாஸ்போர்ட் உன்கிட்ட இருக்கா, அவன்கிட்டயா?" என்று மகளைக் கேட்டார் ஸ்ரீனிவாசராகவன்.

"என்கிட்டதான். ஆனா அப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சு..."

"தெரியட்டும்" என்றார். நிலைக்கு வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, அந்தத் தெரு அதுவரை கேட்டிராத குரலில் சொன்னார். "எல்லாருக்கும் தெரியட்டும். பொறுத்துண்டு இருக்க முடியாது. நீ கெளம்பி வா."