சாவிக்கு இரண்டு முருகா

வேணு காரை எடுக்கிற அழகைப் பார்த்து டெல்லி கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸே சிரிக்கும். சாவியைத் திருப்புவார், கிளப்ப மாட்டார். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் முருகனைத் தொட்டு "முருகா" என்பார். சாவியைப் பின்னுக்குத் திருப்புவார். மறுபடி திருப்பி இன்னொரு "முருகா". மறுபடி பின்னுக்குத் திருப்புவார். மூன்றாம் தடவைதான் நிஜமாகக் கிளப்புவார். காலையில் முதல் தடவைக்கு மட்டும் இந்தப் பூஜை. ஆறு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"என்ஜினுக்கு பக்தி வேண்டாம்ப்பா, பெட்ரோல் போதும்" என்பாள் மகள் கவிப்ரியா. பி.எஸ்ஸி. இயற்பியல். தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று மகளுக்கே ஒரு 'ங்க' போட்டுக் கேலி செய்துவிட்டு, மறுநாளும் அதையே செய்வார்.

மத்திய அமைச்சகம் ஒன்றில் இருபத்தேழு வருஷம் டிரைவர் அவர். எத்தனையோ அதிகாரிகளை எங்கெங்கோ கூட்டிப்போனவர். சொந்தமாக வாங்கியது இந்த ஒரு பழைய வெள்ளைக் கார்தான். வாங்கிய அன்றே மனைவி அருக்காணியிடம் சொன்னார்: "உன்ன ஹரித்வாருக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸு, ரயிலு எல்லாம் வேண்டாம். நம்ம வண்டியில." அந்தப் பயணம் கவிப்ரியாவின் பிளஸ் டூ முடியட்டும் என்று தள்ளிப்போனது. பிறகு கல்லூரி முடியட்டும் என்று. பிறகு அவள் எழுதுகிற வேலைத் தேர்வுகள் முடியட்டும் என்று.

மகளுக்கு அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், வண்டி எங்காவது போய்வந்து சூடாக இருக்கும்போது. இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியை அவள் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. சாயங்காலத்தில் ஏன் முருகன் தேவைப்படவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதுமில்லை.

ஜனவரியில் ஒரு விடியற்காலை, பனிமூட்டம் எதிர்வீட்டை விழுங்கியிருந்தபோது, வேணுவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷ தூரம். அம்மாவும் மகளும் தாங்கிப்பிடித்து அவரை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அருக்காணி பின்னால் ஏறினாள். கவிப்ரியா சாவியைத் திருப்பினாள். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். வேணுவின் கை ஸ்டீயரிங் பக்கமாக நீண்டது. முருகனைத் தொடப் போகிறார் என்று நினைத்தாள்.

"சும்மா இருங்கப்பா, இப்பப் போய் சாமி!" என்று அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்தாள்.

பேட்டரி இறங்கிப்போனது. அந்த நேரத்தில் ஆட்டோவும் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் பனியில் ஊர்ந்து வந்து சேர அரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வேணுவின் அண்ணன் அஸ்தியை ஊருக்கு எடுத்துப்போய் பவானியில் கரைத்தார்.

ஒரு மாதம் கழித்து கவிப்ரியா பக்கத்துக் கோட்லாவிலிருந்து மெக்கானிக் மூக்கனைக் கூட்டிவந்தாள். அவர் சேலத்துக்காரர், வேணுவுக்குப் பழக்கம். தன் பேட்டரியோடு வயரைக் கொடுத்து என்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தார்.

"சுத்துது நல்லாத்தான் சுத்துது. பேட்டரி மேல பழி போடாதே பாப்பா."

பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரை மாட்டி சாவியைத் திருப்பச் சொன்னார். முள் ஏறியது. அணைக்கச் சொன்னார். முள் நிற்காமல் சரிந்து பூஜ்யத்துக்கு வந்தது.

"பாத்தியா? பம்புல ஒரு சின்ன வால்வு இருக்கு. பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போகாம பிடிச்சு வைக்கிறது அதுதான். தேஞ்சுபோச்சு. ராத்திரி நின்னா குழாய் காலி. சாவியப் போட்டா பம்பு ரெண்டு செகண்டு ஓடி நின்னுக்கும். ரெண்டு தடவை போட்டு எடுத்தா குழாய் நிறைஞ்சிரும், அப்புறம் அடிச்சா எடுத்துக்கும். வேணு அண்ணன் அப்படித்தானே எடுப்பாரு? நான்தான் சொல்லிக் குடுத்தேன். 'எவ்வளவு நேரம் விடணும் மூக்கா'ன்னாரு. 'ஒரு முருகா சொல்ற நேரம்ண்ணே'ன்னேன்."

கவிப்ரியா கேட்டாள்: "ஆக்ஸிலரேட்டர மிதிச்சுக்கிட்டே அடிச்சா?"

"எடுக்கவே எடுக்காது. முழுசா மிதிச்சா இந்த வண்டி பெட்ரோல நிறுத்திரும். ஏன், யார் மிதிச்சா?"

அவள் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். மூக்கன் குனிந்து மீட்டரைக் கழற்றினார்.

"பம்ப மாத்திருங்கண்ணேன்னு அப்பவே சொன்னேன். ஹரித்வார் போறதுக்கு முன்னாடி மாத்திக்கிறேன், அதுவரைக்கும் முருகன் பாத்துப்பான்னாரு."

புதுப் பம்பு மாட்டிய மறுநாள் காலை கவிப்ரியா அம்மாவைக் கீழே அழைத்தாள். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டி. அருக்காணி முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஒரே திருப்பு. என்ஜின் கிளம்பிவிட்டது.

"சாமி கும்புடாமயே எடுத்துருச்சே கண்ணு!"

கவிப்ரியா சொல்லிவிட்டாள். வால்வு, இரண்டு தடவை, தான் மிதித்தது, எல்லாவற்றையும். கடைசியில் கேட்டாள்: "அன்னைக்கு அப்பா கை நீட்டுனாரே, முருகனுக்கா, சாவிக்காம்மா?"

"எனக்கெப்படிங் கண்ணு தெரியும்? நான் அவரு மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை ஹரித்வார் போலாம்மா. நான் ஓட்டறேன்."

அருக்காணி கதவைத் திறந்து இறங்கினாள். முந்தானையால் கதவின் கைப்பிடியைத் துடைத்தாள்.

"வேண்டாஞ் சாமி. அது உங்கப்பா எனக்குக் குடுக்க வேண்டியது. நீ குடுத்தாத் தீராது" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.