இரண்டு டியூப் சொந்த ரத்தம்

2007 மே 14, திங்கட்கிழமை. சீசன் கூட்டம் மலையேறிக்கொண்டிருந்த காலையில் ஜெபக்குமார் மலையிறங்கினான். பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியில் அவன் மனசில் வைத்திருந்த பெண்ணின் வீட்டுக்கு அக்கா லீமா போய், அவனைப் பற்றி ஏதோ சொல்லி, சம்பந்தம் நின்றுபோயிருந்தது. "இனி நீ யாரோ, நான் யாரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினான். பிறகு மஸ்கட் போய்விட்டதாகத் தகவல். அப்பா அம்மா இல்லை. லீமா அக்கா தனியானாள்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. தம்பி போன பிறகுதான் செல்போன் வாங்கினாள். அவனுக்குத் தெரிந்தது மேசைமேல் இருந்த தொலைபேசியின் எண் ஒன்றுதான். அது அடித்தால் எடுத்து, வணக்கம் சொல்லுமுன் கொஞ்சம் பொறுப்பாள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் கேட்டாலே அவனைத் தெரிந்துவிடுமாம்.

ஊர் ஊராக அலைந்துவிட்டு 2009 தொடக்கத்தில் திரும்பிய நான், அவள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அப்போது லாட்ஜுக்கு ஒரு புது மேனேஜர் வந்திருந்தார். முன்னால் உட்காருபவர்கள் பார்க்க ஃப்ரெஷ்ஷாக இருக்கவேண்டும் என்றார். மலை வெயிலில் அக்காவின் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. ஏப்ரலுக்குள் முகம் தெளியாவிட்டால், பின்கட்டில் படுக்கை விரிப்புகள் மடிக்கும் அறைக்குப் போகவேண்டும். அங்கே போன் கிடையாது.

மதுரையில் ஒரு தோல் கிளினிக்கை விசாரித்தாள். ரத்தம் எடுத்துச் செய்வதில் இரண்டு வகை என்றார்கள். ஒன்றில், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்த்து, மெஷினில் சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை முகத்தில் ஊசியாகப் போடுவது. இரண்டு டியூப் போதும். மற்றதில் ஒன்றும் சேர்க்காமல் சுற்றி, திரளும் ஜெல்லைப் போடுவது. அது நாள்பட நிற்குமாம், ஆனால் நான்கு டியூப். ஒரு வாரம் யோசித்து மஞ்சள் நீரே போதும் என்றாள். ஜெல்தானே நல்லது என்கிறார்கள் என்று கேட்டேன்.

"நாலு டியூப்பெல்லாம் அவன் தாங்கமாட்டான் இந்து. ஊசியப் பாத்தாலே மயங்கி விழுந்துருவான்."

"யாருக்கா?"

"ஜெபாதான். சொந்த ரத்தம்தான் வேணும்னு போன்ல சொன்னாங்கல்ல. எனக்கு வேற யாரு இருக்கா?"

நான் சிரித்திருக்கக் கூடாது. அவன் கூட்டாளி சிலுவைராஜிடம் முகவரி வாங்கி, ரெண்டே டியூப்தான், வந்துட்டுப் போ என்று முந்தின நாளே கடிதம் போட்டுவிட்டிருந்தாள். அவள் கையிலிருந்து எடுத்து அவளுக்கே போடுவதுதான் இது என்று விளக்கினேன். வெகுநேரம் முழங்கையின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் வரவேண்டியதில்லையா?"

வேறு கடிதம் எழுதித் தரவா என்றேன்.

"வேணாம். அது கெடக்கட்டும்."

மதுரைக்கு நானும் போனேன். இனி யாரையும் நினைத்துப் பயப்படவேண்டியதில்லை, ஜெல்லையே போட்டுக்கொள்ளலாமே என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். ரெண்டுன்னு அவனுக்கு எழுதியாச்சு என்றாள். இதில் மங்கு போகும் என்று உறுதி சொல்லமுடியாது என டாக்டர் முதலிலேயே சொன்னார். மூன்று தடவை போட்டார்கள். தோல் கொஞ்சம் மினுங்கியது. மங்கு அப்படியே இருந்தது.

ஏப்ரலில் ஃபெமினா என்ற பெண் மேசைக்கு வந்தாள். லீமா அக்கா பின்கட்டில் விரிப்புகளை மடித்தாள். தினமும் சாயங்காலம் ஏதாவது சாக்கு வைத்து மேசைப் பக்கம் வந்து நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஃபெமினாவும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம், போனில் வரும் செய்தியைக் குறித்துவைக்கும் லாட்ஜ் சீட்டு ஒன்றை ஃபெமினா பின்கட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாளாம். அக்கா அதை என்னிடம் காட்டினாள்:

"ஜெபக்குமார், மஸ்கட். கேம்ப் மாறிட்டதால லெட்டர் இப்பத்தான் கெடச்சுதாம். நாலு டியூப்னாலும் எடுத்துக்கலாமாம். எந்தத் தேதிக்கு வரணும்னு கேக்குறாரு."