பினோய் வில்லா, பினோய் வில்லா 5

பினோய்க்கு மனைவி மேல் நம்பிக்கை இல்லை என்று சொன்னால் பாவம் வந்து சேரும். நம்பிக்கை நிறையவே இருந்தது. அதை நாலு கேமராவில் போட்டு வைத்திருந்தான். கேட்டில் ஒன்று, வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, அடுக்களையில் ஒன்று. குவைத்தில் இருந்துகொண்டு, கேரளத்து ரான்னியில் மனைவி லிஜி மீன் குழம்புக்கு எத்தனை குடம்புளி போடுகிறாள் என்பது வரை பார்ப்பான். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டான். கேமராவில் ஸ்பீக்கரும் உண்டு.

"எடீ, கேஸை சிம்ல வை" என்று சுவர் பேசும்.

லிஜி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணமானதும், "அம்மச்சியை யாரு பாத்துப்பா?" என்று பினோய் கேட்ட ஒரே கேள்வியில் யூனிஃபார்ம் பெட்டிக்குள் போய்விட்டது. மாமியார் ஏலியாம்மாவுக்கோ ஒரு நோயும் கிடையாது. தினமும் சர்ச்சுக்கு நடந்தே போய்வருவார். படுக்கையறையில் மட்டும் கேமரா இல்லை. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், ஆன்லைனில் ஜெர்மன் படித்தாள் லிஜி. இப்போது ஜெர்மனியிலேயே ஓர் ஆஸ்பத்திரி வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. நேர்காணல் முடியும்வரை அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. வேலை கிடைத்தால் போய்விடலாம். கிடைக்காவிட்டால் காலம் முழுக்க இந்தச் சுவரோடுதான் பேச்சு.

வைஃபை வழிமறித்தது. படுக்கையறையில் டீச்சரின் முகம் வகுப்பின் பாதியில் வாய் திறந்தபடி உறைந்துபோகும். ரப்பர் தோட்டத்து நடுவில் மொபைல் சிக்னல் பேச மட்டுமே உதவும். நல்லவேளையாக, பினோய்க்கும் கேமரா படம் நின்று நின்று வந்தது. இன்டர்நெட் போட்டுக்கொடுத்த விபினை அவனே அனுப்பிவைத்தான். விபின் ஹாலில் இருந்த வைஃபை பெட்டியைக் காட்டினான்.

"சேச்சி, இந்தப் பெட்டியில ரெண்டு அலை இருக்கு. ஒண்ணு மெதுவா போகும், ஆனா சுவரைத் தாண்டிடும். இன்னொண்ணு சும்மா பறக்கும், சுவரைக் கண்டா நின்னுடும். ரெண்டுக்கும் ஒரே பேரு இருக்கறதால எல்லாம் மெதுவானதுல போய் அடையுது. தனித்தனியா பேர் வச்சுடறேன்."

"வேகமானது என் ரூமுக்கு வருமா?"

"இந்த வெட்டுக்கல் சுவர்லயா? தலைகீழா நின்னாலும் வராது. ஹால்ல உக்காருங்க, ஜோரா இருக்கும்."

"அப்ப கேமராவை வேகமானதுல போட்டுட்டு, மெதுவானதை எனக்குக் குடு."

"அதுங்களுக்கு மெதுவானது மட்டும்தான் தெரியும் சேச்சி."

"பெட்டியையாவது என் ரூம்ல வை."

"அச்சாயன் சொல்லட்டும், வச்சுடறேன்."

அச்சாயன் என்றால் பினோய்தான். அவன் சொல்வதாவது! விபின் பெயர் வைத்தான்: மெதுவானது பினோய் வில்லா, வேகமானது பினோய் வில்லா 5. இரண்டிலும் அவள் இல்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் அவள் போனிலிருந்தே அணைக்கலாம் என்று காட்டிவிட்டு, கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுப் போனான்.

வேகம் இருக்கும் இடத்தில் கண் இருக்கிறது, கண் இல்லாத இடத்தில் வேகம் இல்லை.

நேர்காணலன்று வேறு வழியின்றி ஹாலில், கேமராவுக்குக் கீழேயே லேப்டாப்பை வைத்தாள். பினோய் டியூட்டியில் இருக்கும் நேரம்தான். அம்மச்சி வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, அறையில் தனியாக இருக்கிறீர்களா என்று ஜெர்மனில் கேட்டாள். ஆமாம் என்றாள் லிஜி.

"எடீ, யாருகூடப் பேசற?"

தலைக்கு மேலே பினோய்.

"அது யார்?" என்றாள் பெண்மணி.

"என் கணவர்."

"தனியாக இருப்பதாகச் சொன்னீர்களே?"

"அவர் குவைத்தில் இருக்கிறார்." உண்மைதான், ஆனால் அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"என்ன பாஷைடீ அது? கேக்கறது காதுல விழலியா?" சுவர் கத்தியது. பெண்மணி பேனாவை மூடி வைத்தாள்.

லிஜி போனை எடுத்தாள். பினோய் வில்லாவை அணைத்தாள். பினோயின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. பினோய் வில்லா 5 ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெண்மணி கண் சிமிட்டுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

வாசலில் அம்மச்சியின் போன் அடித்தது. "எடீ லிஜி! பினோய் கூப்பிடறான்டீ, ஏதோ அவசரமாம்!"

லிஜி எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இப்போது தனியாக இருக்கிறேன்" என்றாள்.